முக்கண் மிளகாய்

கல்யாணமாகி வந்த மறுநாள் மத்தியானம் என் தட்டில் ஒரு களி உருண்டையும் அதன் மேல் கொள்ளுக் குழம்பும் விழுந்தன. நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். களி தெரியும், கொள்ளுக் குழம்பு தெரியும், அந்த வீட்டுக் காரம் தெரியாது. முதல் வாய் இறங்கியதும் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. புதுப்பெண் தாய்வீட்டை நினைத்து அழுகிறாள் என்று சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் என்னைத் தேற்ற வந்துவிட்டார்கள். என் மாமனார்தான் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"அழுகையும் இல்ல ஒண்ணும் இல்ல. காரம். பெங்களூருத் தண்ணி குடிச்ச நாக்கு, பாவம்," என்றார். சொல்லிவிட்டு ஒரு பச்சை மிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நறுக்கென்று கடித்து, களியை உருட்டி விழுங்கினார். அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மனுசனா இவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ரோட்டில், சானமாவுக் காட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். ஐம்பதுகளின் நடுவில், நாங்கள் மைசூர் பக்கமா மதராஸ் பக்கமா என்று பெரியவர்கள் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். இன்று அந்த நிலத்தில் தொழிற்சாலைக் காம்பவுண்டு நிற்கிறது. அன்று அங்கே எங்கள் மிளகாய்க் கொல்லை இருந்தது. மாமனாருக்கு மிளகாயில் எவ்வளவு கர்வமோ, மாட்டில் அதைவிட ஒரு பங்கு கூட. சுற்று வட்டாரத்தில் யார் மாடு வாங்கினாலும் சுழி பார்க்க இவரைத்தான் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாட்டின் மேல் மயிர் எங்கே சுழிந்திருக்கிறது என்று பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார். கோபுரச் சுழி என்றால் செல்வம். நெற்றியில் மூன்று சுழி சேர்ந்த முக்கண் சுழி என்றால் அந்த மாட்டின் கயிற்றைக்கூடத் தொட மாட்டார்.

அப்படிப்பட்ட ஆள் ஒருநாள் சந்தையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஓசூர் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ளே புண்ணு. மிளகாய் வாசனைகூட ஆகாது. பால்கஞ்சி, மோர்சோறு, அவ்வளவுதான். கேக்கலைன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க, நேரா அங்கே போயிடுங்க," என்று மேலே கையைக் காட்டினார்.

மாமனார் டாக்டருக்கு அடங்கினார். ஆனால் பால்கஞ்சி அவருக்கு அடங்கவில்லை. முதல் நாள் தட்டைப் பார்த்து, "பல்லு முளைக்காத புள்ளைக்கு ஊத்தறதை எனக்கு ஊத்தறியா?" என்று கத்தினார். பிறகு கத்துவதையும் விட்டுவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. தட்டின் முன் உட்காருவார், இரண்டு வாய் குடிப்பார், கையைக் கழுவிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். மாதம் ஏற ஏற விலா எலும்பு தெரிந்தது. இடுப்பு அரைஞாண் நிற்காமல் நழுவியது. என் மாமியார் அதை இழுத்து முடிச்சுப் போடுவார். கொஞ்ச நாளில் அதுவும் தளர்ந்துவிடும்.

மாமியார் பேசவே மாட்டார். காலையில் வாயைத் திறந்தால் ராத்திரிக்குள் நாலு வார்த்தை வந்தால் அதிகம். அவரே என்னிடம் வந்து நின்றார்.

"உங்கூட்ல காரமே இல்லாம எப்படிம்மா சோறு தின்னீங்க? உங்க மாமா வாயில எறங்கற மாதிரி ஏதாவது சொல்லு. இப்படியே போனா மனுசன் கஞ்சிக் குண்டான் முன்னாலயே போயிடுவாரு."

நான் யோசித்தேன். "அத்தை, பெங்களூர்ல காரமில்லாத மிளகாய் ஒண்ணு இருக்குது. குடைமிளகாய். பெரிசா, டம்ளர் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கறதைத் தோண்டிட்டு வேர்க்கடலைப் பொடி அடைச்சுப் பண்ணலாம்."

"காரமில்லாத மிளகாயா?" மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்புறம் அதை எதுக்கு மிளகாய்னு சொல்றீங்க?"

இருந்தாலும் என் வீட்டுக்காரர் பெங்களூர் போனபோது விதை வாங்கிவரச் சொன்னேன். காயாக வாங்கினால் பஸ்ஸில் வந்து சேருவதற்குள் வதங்கிப்போகும், அடிக்கடி போகவும் முடியாது. புழக்கடையில் நட்டால்தான் வழி. ஒன்று வாங்கச் சொன்னால், எது நல்லது என்று தெரியாமல் மனுசர் மூன்று ஜாதி விதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பொட்டலத்திலும் காயின் படம் போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்குப் புழக்கடையில் இடம் கொஞ்சம்தான். ஒரே ஜாதிதான் நட முடியும்.

பொட்டலங்களைக் கயிற்றுக் கட்டிலில் வரிசையாக வைத்தோம். படத்தைப் பார்த்ததும் மாமனாருக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலை ஒரு சுற்று சுற்றி வந்தார். படத்துக்கு ஏது பின்பக்கம்? ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"இது பேரு என்னா?"

"புல் நோஸ்," என்று வீட்டுக்காரர் இங்கிலீஷில் படித்தார். "எருது மூக்குன்னு அர்த்தம்."

மாமனார் குனிந்து மூக்கைப் பார்த்தார். "மூக்குன்னா ஈரம் கசியணும். இது காஞ்சு கெடக்குது. சீக்கு மாடு. தள்ளு."

"அப்பா, இது காயிப்பா."

"காயின்னா என்னா, மாடுன்னா என்னா? உடம்புன்னு இருந்தா லட்சணம் இருக்குது."

அடுத்தது மஞ்சள் காய். எனக்கு அதுதான் பிடித்திருந்தது, கொத்தாகத் தொங்கினால் புழக்கடைக்கே அழகு. மாமியார்கூட "மஞ்சள் மங்களகரம்" என்று முனகினார். மாமனார் ஒரே பார்வையில், "மஞ்சக்காமாலை. எனக்கு இருக்கற சீக்கு போதும்," என்று அதையும் ஒதுக்கினார். என் ஓட்டும் மாமியார் ஓட்டும் செல்லாமல் போயின.

மூன்றாவது கலிபோர்னியா வொண்டர். பச்சையாக, கனமாக, அடியில் நாலு மூலை வைத்து உட்கார்ந்திருந்தது. மாமனார் முகம் மலர்ந்தது. "பாரு, நாலு காலும் தரையில ஊணி நிக்குது. தோள் அகலம். முதுகுல பள்ளம் இல்ல. இதான் ஜாதி." பிறகு விரலைத் தூக்கி எங்கள் எல்லாருக்கும் பொதுவாக எச்சரித்தார். "ஒண்ணு சொல்லிப்புட்டேன். நாலு மூலை காய்ச்சாத்தான் நம்ம வீட்டுக்கு ஆகும். மூணு மூலை எதுனா வந்தா வேரோட பிடுங்கிடணும். அது முக்கண் சுழி. வீட்டைச் சுட்டுடும்."

நாற்று வளர்ந்து நடுகிற நாளில் அடுத்த கூத்து. நான் கிணற்றடிப் பக்கம் தனியாகப் பாத்தி கட்டி வைத்திருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, எல்லா நாற்றையும் எடுத்து, வீட்டுக் குண்டு மிளகாய்ச் செடிகள் நின்ற வரிசைக்கு நடுவில் நடச் சொன்னார். அந்தக் குண்டு மிளகாய்க் குழம்பைத்தான் கல்யாணத்துக்கு மறுநாள் நான் தின்று காது அடைத்தது.

"எதுக்கு மாமா அங்கே?"

"புது மாட்டைப் பழக்கறப்ப என்னா பண்ணுவோம்? பழகின மாட்டோட ஜோடி சேத்து ஏர் கட்டுவோம். அது போற போக்குல இதுவும் கத்துக்கும். நம்ம மிளகாயோட நின்னா கொஞ்சமாச்சும் காரம் பழகுமில்ல?"

"மிளகாய்ச் செடி என்ன ஏர் மாடா மாமா?"

"நீ பெங்களூரு. உனக்கு ரெண்டும் தெரியாது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் மாமியார் என் முழங்கையைத் தொட்டார். அத்தனை மாதத்துக்குப் பிறகு மாமனார் வாயில் வம்பு வந்திருக்கிறது, கெடுக்காதே என்று அந்தத் தொடுதலுக்கு அர்த்தம். நட்டுத் தொலைத்தோம்.

காய்த்தது. படத்தில் இருந்த மாதிரியே நாலு மூலையோடு காய்த்தது. மாமியார் காம்பை அரிந்து, கட்டைவிரலை உள்ளே விட்டு விதையையும் நரம்பையும் வழித்து எடுத்து, வேர்க்கடலைப் பொடி அடைத்து, நல்லெண்ணெயில் சுட்டு, களியோடு வைத்தார். நாங்கள் எல்லாரும் மாமனார் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கடித்தார். மென்றார். நெடுநேரம் மென்றார்.

"விதைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்," என்றார் கடைசியில். "மிளகாய் வேஷம் போட்ட பூசணிக்கா."

மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து, மாமனார் பக்கமே சேர்ந்துகொண்டார்கள். மருந்து மாதிரி அவர் பாதி உருண்டை இறக்கினார், கஞ்சிக்கு இது பரவாயில்லை என்பதற்காக. அரைஞாண் நழுவுவது மட்டும் நிற்கவில்லை. "காரம் பழகுச்சா மாமா?" என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்த இடுப்பைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனாலும் மாமியார் விடவில்லை. பழுத்த காய்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த வருசத்துக்கு எடுத்து வைத்தார். அடுத்த வருசமும் அதே இடத்தில், அதே குண்டு மிளகாய்க்கு நடுவில் நட்டார்.

இந்தத் தடவை வந்தது வினை. பாதிச் செடிகள் நாலு மூலையாகக் காய்த்தன. மீதிச் செடிகளில் காய் சின்னதாக, கீழே ஒடுங்கி, மூணு மூலையாக வந்தது. மாமனார் பார்த்துவிட்டுக் குதித்தார். "முக்கண்! சொன்னேனா இல்லியா? பிடுங்கு எல்லாத்தையும்!"

"ஆவட்டும், நாளைக்குப் பிடுங்கறேன்," என்றார் மாமியார். நாளைக்கு என்றால் அவர் அகராதியில் மாட்டேன் என்று பொருள். ஒருநாள் பறிக்கிற அளவுக்கு நாலு மூலைக் காய் எதுவும் இல்லை. மாமியார் மூணு மூலையில் இரண்டைப் பறித்துச் சுட்டு, தட்டில் வைத்துவிட்டார்.

மாமனார் வேண்டாவெறுப்பாகக் கடித்தார். வாய் அப்படியே நின்றுவிட்டது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. கண்ணில் தண்ணீர் தளும்பியது. தலையைக் குனிந்துகொண்டு அதை விழுங்கினார். நான் பதறிப்போய், "வயிறு வலிக்குதா மாமா?" என்றேன்.

"இல்லம்மா. தூசி," என்றார். பிறகு தட்டை நீட்டினார். "இன்னொரு உருண்டை வை."

இன்னொரு உருண்டை என்ற சொல்லை அந்த வீடு கேட்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமியார் கரண்டியோடு ஓடினார். மறுநாளிலிருந்து மாமனார் நேரத்துக்குத் தட்டின் முன் உட்கார்ந்தார். குரல் திரும்பியது. சந்தைக்குப் போனார். அரைஞாண் நழுவாமல் இடுப்பில் நின்றது. பிடுங்கச் சொன்னவரே செடிக்குச் சாணி உரம் கொண்டுவந்து கொட்டினார். "முக்கண் சுழி ஆகாதுன்னீங்களே?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அது மாட்டுக்கு. மிளகாய்க்கு மூணு கண்ணுன்னா சிவபெருமான் அம்சம். உனக்கு என்னா தெரியும்?" என்றார். சாஸ்திரத்தை இவ்வளவு சீக்கிரம் திருப்பிப் போட்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காய் எல்லாம் அவருக்குத்தான் என்பது வீட்டுச் சட்டம். ஆனால் குடைமிளகாய் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. ஒருநாள் காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது யாரும் பார்க்கவில்லை என்று ஒரு முக்கண்ணைப் பறித்து அப்படியே கடித்தேன்.

ஐயோ! கல்யாணத்துக்கு மறுநாள் அடைத்த காது மறுபடியும் அடைத்தது. குடத்தைப் போட்டுவிட்டு, கிணற்றடித் தொட்டியில் வாயை விட்டுக் கொப்பளித்தேன். குண்டு மிளகாயின் மகரந்தம் பூவில் கலந்தால் அந்த விதையில் முளைக்கிற செடிக்குக் காரம் வந்துவிடும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏர் பூட்டிய மாடு காரம் கற்றுக்கொண்டுவிட்டது, அதை வயிற்றுப் புண்காரர் தினமும் தின்றுகொண்டிருக்கிறார் என்பதுதான். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

"மாமா, அந்தக் காய் நெருப்பா எரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் மாட்டைத் தேய்ப்பதை நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரலை இறக்கினார். "உங்க அத்தைகிட்ட சொல்லிடாத. அவ பாவம், காரமில்லாத காயின்னு நம்பித்தான் பண்ணிப் போடறா. தெரிஞ்சா பதறிடுவா. மறுபடியும் கஞ்சிதான்."

"வயிறு?"

"வயிறு சும்மாதான் இருக்குது. சத்தியமா. மாட்டு மேல கை வெச்சுச் சொல்றேன்."

அவர் மாட்டு மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அத்தையிடம் சொல்லியே தீருவது என்று அடுப்படிக்குள் போனேன். மாமியார் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு சட்டி மோருக்குள் இரண்டு கையையும் விட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முறத்தில் வழித்துப்போட்ட மிளகாய் நரம்பு கிடந்தது. நகக்கண் எல்லாம் சிவந்திருந்தது. ஆயுசு பூராவும் மிளகாயோடு இருந்த கைதான். ஆனால் கட்டைவிரலை உள்ளே விட்டுக் காரம் இருக்கிற நரம்பையே வழிப்பது என்றால் எந்தக் கைதான் தாங்கும்?

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார். "உங்க மாமாகிட்ட சொல்லிடாத."

"அத்தை!"

"முதல் நாளே கை எரிஞ்சுது. தெரிஞ்சும் தெரியாத மாதிரிதான் வெச்சேன். இன்னொரு உருண்டை கேட்டாரே, பாத்தல்ல? உள்ள இருக்கறதைச் சுத்தமா வழிச்சிடறேன், ஒரு காரக் காய்க்கு, உங்க மாமா சொல்ற பூசணிக்காய் மூணு சேத்துடறேன். தெனமும் வயிறு எப்படி இருக்குதுன்னு கேட்டுக்கறேன். காரம்னு எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா, வீம்புக்கு டாக்டர் பேச்சுன்னு நிறுத்திடுவாரு. மறுபடியும் கஞ்சிதான்."

இத்தனை வார்த்தையை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். இவர் பக்கம் போனால் "சொல்லாதே", அவர் பக்கம் போனால் "சொல்லாதே". அந்த மாதம் பூராவும் வாயை மூடிக்கொண்டு கஷ்டப்பட்ட மாதிரி நான் வாழ்க்கையில் எப்போதும் கஷ்டப்பட்டதில்லை.

மாதக் கடைசியில் மூவரும் பஸ் ஏறி டாக்டரிடம் போனோம். டாக்டர் வயிற்றை அமுக்கினார், எடை பார்த்தார், கையைத் தட்டினார். "புண்ணு ஆறிடுச்சு. உடம்பும் தேறிடுச்சு. மிளகாயை விட்டா என்ன ஆகும்னு பாத்தீங்களா?" மாமனார் கூரையைப் பார்த்தார். மாமியார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நான் இருமினேன். புண்ணை ஆற்றியது மோரா, வேளைக்குச் சாப்பாடா, எனக்குத் தெரியாது. வயிற்றுப் புண்காரர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு முக்கண் மிளகாய் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

வீட்டுக்கு வந்த சில நாளில் விதை எடுக்கிற வேலை வந்தது. மாமியார் பழுத்துச் சிவந்த இரண்டு காயை முறத்தில் வைத்து மாமனாரின் முன்னால் நீட்டினார். ஒன்று நாலு மூலை. மற்றது முக்கண்.

"அடுத்த வருசத்துக்கு எதை எடுக்கட்டும்?"

சிவபெருமான் மறுபடி வரப்போகிறார் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். மாமனார் குந்தி உட்கார்ந்து இரண்டையும் பார்த்தார். நாலு மூலையை எடுத்து மாமியார் கையில் வைத்தார்.

"இதை எடு. அது வேணாம்."

"எதுக்கு? அதைத்தானே ஆசையாத் தின்றீங்க?"

"தின்னேன். காலையில மோர்ல கையை ஊறப்போட்டுட்டு, மத்தியானம் களியை உருட்ட முடியாம கரண்டியில அள்ளித் தின்றியே, எனக்குக் கண்ணு இல்லியா? இன்னிக்குத்தான் பாத்தேன்." அவர் குரல் கம்மியது. "மாட்டுக்கு வாயில்ல, பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். உனக்கும் வாயில்லன்னு இத்தனை நாள் தோணல பாரு. பூசணிக்காயே போதும். அதையே தின்னுக்கறேன்."

மாமியார் நாலு மூலையை முறத்திலேயே திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப காரம்னு தெரிஞ்சேதான் தின்னீங்களா?"

"அப்ப காரம்னு தெரிஞ்சேதான் போட்டியா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "உனக்கும் தெரியுமா?" நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லி நழுவினேன். அந்த வீட்டில் நான் அதற்குமுன் ஒரு நாளும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதில்லை.

மாமியார் இரண்டு காயின் விதையையும் எடுத்தார். தனித்தனியாகச் சாம்பலில் புரட்டி, தனித்தனியாக முடிந்துவைத்தார். மாமனார் "வேணாம்னேனே" என்றதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமனார் எழுந்து போய்க் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். ஒரு மூங்கில் பட்டையை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். சாயங்காலம்வரை சீவினார். காய்க்குள் விட்டு நரம்பை வழிக்கிற மாதிரி, நுனி வளைந்த சின்னக் கரண்டி ஒன்று வந்தது. இத்தனை நாள் எங்கள் மூன்று பேர் புத்திக்கும் எட்டாத கரண்டி. அதை அடுப்படி வாசலில் வைத்துவிட்டு நின்றார்.

மாமியார் அதை எடுத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சுழி சுத்தமா இருக்குதா?"